சோலைவரி ஏட்டில் யார் பெயர்?

2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டது. 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தின் 2ஆம் பிரிவின் கீழ் 6,381 ஏக்கருக்கு மேற்பட்ட காணியை அரசு எடுக்கப்போகிறது என்று அது சொன்னது. காணிக்காரர் யார் என்று எழுத வேண்டிய இடத்தில், ஆட்களைக் கண்டறிய முடியவில்லை என்று இருந்தது. அந்தக் காணிக்காரரில் பலர் அப்போது மல்லாகம் கோணாப்புலம் முகாமிலும் சுன்னாகம் சபாபதிப்பிள்ளை முகாமிலும் இடம்பெயர்ந்து இருந்தார்கள். சைக்கிளில் போகிற தூரம். ஆயிரத்துக்கும் அதிகமானோர் தங்கள் காணி உறுதிகளைத் தூக்கிக்கொண்டு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

ஆள் இருப்பது வேறு, ஆள் ஏட்டில் இருப்பது வேறு. 1990 ஜூனில் போரால் ஊரை விட்டு ஓடியவர்கள் இதைக் காசு கொடுத்தும் கண்ணீர் விட்டும் படித்தார்கள். ஊரில் இருந்தவர்களில் பலர் இன்னும் படிக்கவில்லை.

தெல்லிப்பழையில் ஒரு வீட்டின் உரிமையாளர் பெயர் ஆண்டுதோறும் புரட்டிப் பார்க்கப்படுகிற அரச ஏடு ஒன்றே ஒன்றுதான். அது பிரதேச சபையின் ஆதனவரி ஏடு. பெரியவர்கள் வாயில் அது சோலைவரி. காணிப் பதிவகம் உறுதி எழுதும்போது மட்டும் ஏட்டைத் திறக்கும். விதானையாரின் (கிராம அலுவலரின்) பட்டியல் குடியிருப்பவரைச் சொல்லும், உடையவரைச் சொல்லாது. சபையின் ஏடுதான் வருடா வருடம் ‘இந்த வீடு யாருடையது?’ என்று கேட்கிறது. அந்தக் கேள்வி எப்படிக் கேட்கப்படுகிறது, பதில் எங்கே பிழைக்கிறது, அதை எப்படித் திருத்துவது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

1. எந்த இடத்துக்கு வரி?

தெல்லிப்பழை, வலிகாமம் வடக்குப் பிரதேச சபையின் எல்லைக்குள் இருக்கிறது. சபைக்கு வரி அறவிடும் அதிகாரம் தருவது 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம். அதன் 134ஆம் பிரிவுதான் ஆதனவரியின் வேர்.

சபையின் எல்லைக்குள் இருக்கிற எல்லாக் காணிக்கும் இந்த வரி வந்துவிடாது. வீடும் கடையும் நெருங்கிய பகுதியை அபிவிருத்தியடைந்த பகுதி என்று முதலில் பிரகடனம் செய்ய வேண்டும். சபை தீர்மானம் எடுத்து, உரிய அங்கீகாரம் பெற்று, வர்த்தமானியில் அறிவித்த பிறகுதான் அந்தப் பகுதியின் வீடுகள் வரிக்குள் வரும். பயிர்செய்யும் காணிக்கு ஏக்கர் கணக்கில் வேறொரு வரி உண்டு. கோயில் போன்ற வழிபாட்டிடங்களுக்கு விலக்கு உண்டு.

இதனால்தான் ஒரே ஒழுங்கையில் ஒரு வீட்டுக்கு வரித்துண்டு வருகிறது, கொஞ்சம் தள்ளியிருக்கிற வீட்டுக்கு வருவதில்லை. ‘எங்களுக்கு மட்டும் ஏன்?’ என்று சண்டைக்குப் போவதற்கு முன், பிரகடனப்படுத்திய எல்லை எதுவரை என்று கந்தோரில் கேட்டால் பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

2. வீதி நடந்து எண் போடுதல்

அடுத்தது கால் வலிக்கிற வேலை. சபையின் ஆட்கள் வீதியின் ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை நடக்க வேண்டும். ஒரு பக்கம் ஒற்றை எண், மறுபக்கம் இரட்டை எண். ஒரு வளவு இரண்டாகப் பிரிந்தால் 47 என்பது 47/1, 47/2 ஆகும். இந்த ஆதன இலக்கம்தான் ஏட்டின் திறப்பு. பெயர் மாறும், ஆள் சாவார், காணி கைமாறும். இலக்கம் மட்டும் அசையக்கூடாது.

ஏட்டில் ஏற வேண்டியவை அதிகமில்லை: ஆதன இலக்கம், வீதியின் பெயர், கிராம அலுவலர் பிரிவு, காணியின் பெயர், பரப்பு, கட்டடத்தின் வகையும் அளவும், உரிமையாளர் பெயர், குடியிருப்பவர் பெயர், அடையாள அட்டை இலக்கம், தபால் முகவரி, தொலைபேசி. இதில் குடியிருப்பவரையும் உரிமையாளரையும் ஒரே கட்டத்தில் எழுதுவதுதான் முதற் பிழை. படலைக்கு வந்தவரிடம் ‘வீட்டுக்காரர் பெயர் என்ன?’ என்று கேட்டால், யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு இருப்பவரும் தன் பெயரைத்தான் சொல்வார். ‘உறுதி யார் பெயரில் இருக்கிறது?’ என்றுதான் கேட்க வேண்டும்.

மீள்குடியேறிய பகுதிகளில் நடந்து எண் போடுவது வெறும் நடையல்ல. காங்கேசன்துறை, மயிலிட்டி, தையிட்டிப் பக்கம் இராணுவத்தின் பிடியிலிருந்து கட்டம் கட்டமாகக் காணி விடப்பட்டபோது, போனவர்களுக்கு முன்னால் நின்றது பற்றைக்காடு. மயிலிட்டித் துறைமுகப் பகுதி விடுபட்டதே 2017 ஜூலையில்தான். வீடு இல்லை, மதில் இல்லை, வேலி இல்லை, சில இடங்களில் ஒழுங்கையும் இல்லை. பலருக்குத் தங்கள் வளவைக் காட்டிக்கொடுத்தது கிணறு. கிணற்றுக்கட்டின் வடிவத்தை வைத்து, ‘இது எங்கட கிணறு, அப்பிடியெண்டா குசினி இந்தப் பக்கம்’ என்று அளந்தார்கள். இப்படியான இடத்தில் பழைய ஆதன இலக்கத்தைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக எண் போட்டால், 1990க்கு முந்திய பற்றுச்சீட்டுக்கும் இன்றைய ஏட்டுக்கும் உள்ள கடைசித் தொடர்பும் அறுந்துபோகும். பழைய இலக்கத்துக்கு ஏட்டில் தனியாக ஒரு கட்டம் ஒதுக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஒரு கோடு கீறுவதுதான்.

3. ஆண்டுப் பெறுமதி

வரி, வீட்டின் விற்பனை விலையில் போடப்படுவதில்லை. ஆண்டுப் பெறுமதியில் போடப்படுகிறது. அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் ஓர் ஆண்டுக்கு நியாயமாக என்ன கிடைக்கும் என்பதே ஆண்டுப் பெறுமதி. நீங்கள் வாடகைக்கு விட்டிருக்கிறீர்களா, நீங்களே குடியிருக்கிறீர்களா என்பது பொருட்டல்ல. இதைக் கணிப்பவர் சபையின் எழுதுநர் அல்ல, அரசின் விலைமதிப்புத் திணைக்கள உத்தியோகத்தர். ஐந்தாண்டுக்கு ஒருமுறை மீள்மதிப்பீடு செய்வது முறை.

அவர் பார்ப்பவை: நிலப்பரப்பின் சதுர அடி, கூரை ஓடா சீற்றா கொங்கிறீற்றா, நிலம் சீமெந்தா மாபிளா, மலசலகூடம் உள்ளேயா வெளியேயா, மின்சாரம், தண்ணீர், வீதியின் அகலம், சந்திக்கு எவ்வளவு தூரம். தெல்லிப்பழைச் சந்தியில் ஆதார வைத்தியசாலைக்குப் பக்கத்தில் உள்ள வீட்டுக்கும், உள்ளே இரண்டு ஒழுங்கை தள்ளித் தோட்டத்துக்கு நடுவில் உள்ள அதே அளவு வீட்டுக்கும் பெறுமதி ஒன்றாக இருக்காது. இருந்தால் கேள்வி கேட்க வேண்டும்.

அவர் வரும்போது கதவைப் பூட்டிவைப்பது பலருடைய கெட்டித்தனம். பூட்டிய வீட்டை வெளியில் நின்று பார்த்துத்தான் மதிப்பார்கள். முன்பக்கம் வெள்ளையடித்து, பின்பக்கம் இன்னும் பூசாமல் கிடக்கும் வீட்டுக்கு அது நட்டம்.

4. அறிவித்தலும் ஆட்சேபமும்

மதிப்பீடு முடிந்ததும் உரிமையாளருக்கு அறிவித்தல் வரும். மதிப்பீட்டு ஏடு கந்தோரில் பார்வைக்கு வைக்கப்படும். பெறுமதி கூடியிருந்தாலோ, பெயரோ அளவோ பிழைத்திருந்தாலோ, அறிவித்தலில் குறித்த நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம். சபை விசாரிக்க வேண்டும். முடிவில் திருப்தி இல்லாவிட்டால் நீதிமன்றத்துக்கும் போகலாம்.

இந்தப் படியில்தான் சனம் அதிகம் தூங்குகிறது. தொகையைப் பார்த்துவிட்டு ‘சின்னக் காசுதானே’ என்று மடித்து வைப்பார்கள். ஆனால் அறிவித்தலில் முதலில் வாசிக்க வேண்டியது தொகையை அல்ல, பெயரை.

ஆட்சேபக் கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. ஆதன இலக்கம், பிழை என்ன, சரி என்ன, அதற்குச் சான்று என்ன. இந்த நாலும் போதும். ‘பல ஆண்டுகளாக அநீதி இழைக்கப்பட்டு வருகிறது’ என்று தொடங்கும் கடிதங்களில் ஆதன இலக்கம் இருப்பதில்லை.

5. வீதம், காலாண்டு, கழிவு

ஆண்டுப் பெறுமதியில் எத்தனை வீதம் வரி என்பதைச் சபை தீர்மானித்து வர்த்தமானியில் வெளியிடும். கணக்கு விளங்க ஓர் உதாரணம். ஆண்டுப் பெறுமதி 24,000 ரூபா, வீதம் 5 என்று வைத்தால் ஆண்டு வரி 1,200 ரூபா. அதை நாலாகப் பிரித்து மார்ச் 31, ஜூன் 30, செப்ரெம்பர் 30, டிசெம்பர் 31 ஆகிய நாள்களுக்கு முன் 300 ரூபாவாகக் கட்டலாம். முழு ஆண்டுக்கும் ஜனவரி 31க்கு முன் கட்டினால் 10 வீதக் கழிவு. 1,080 ரூபா போதும். ஒவ்வொரு காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 வீதக் கழிவு. 300க்குப் பதில் 285.

மிச்சம் 120 ரூபா. ஒரு தேத்தண்ணிக் காசு. ஆனாலும் ஜனவரியில் போகச் சொல்வதற்கு வேறு காரணம் இருக்கிறது. ஜனவரியில் ஏடு புதிதாகத் திறந்திருக்கும். உங்கள் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று கண்ணால் பார்க்கவும், பிழையை அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே திருத்தவும் வசதி.

6. ஏட்டில் எந்தப் பெயர்?

இதுதான் கடினமான படி. மற்ற ஊர்களைவிட யாழ்ப்பாணத்தில் இது ஏன் கடினம் என்பதற்குச் சில காரணங்கள் உண்டு.

முதலாவது, சீதனம். எங்கள் ஊரில் வீடு பெரும்பாலும் பெண்ணுக்குப் போகிறது. யாழ்ப்பாணத்தின் வழமைச் சட்டமான தேசவழமையை ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்துக் கொடுத்தார். 1911இன் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அதைப் பல இடங்களில் மாற்றியது. எழுதிய சட்டம் எப்படி மாறினாலும் சீதன உறுதி மாறவில்லை. வீடு மனைவியின் பெயரில். ஆனால் கந்தோருக்குப் போய்க் காசு கட்டுவது கணவன். துண்டு எழுதுகிறவர் முன்னால் நிற்பவரின் பெயரைக் கேட்டு எழுதுகிறார். பத்து ஆண்டு இப்படிப் போனால் பற்றுச்சீட்டுக் கட்டு முழுவதும் கணவன் பெயர். கணவன் இறந்த பிறகு, அவருடைய சகோதரர்கள் ‘அண்ணை கட்டின வீடு’ என்று வந்து நிற்க அந்தக் கட்டே ஏதுவாகும். திருத்தம் எளிது: பற்றுச்சீட்டில் உரிமையாளர் பெயருக்கு ஓர் இடம், பணம் செலுத்தியவர் பெயருக்கு வேறோர் இடம்.

இரண்டாவது, சீவிய உருத்து. பெற்றோர் வளவை மகளுக்கு நன்கொடை உறுதியில் எழுதிக் கொடுத்துவிட்டு, சாகும்வரை அனுபவிக்கும் உரிமையைத் தமக்கு வைத்துக்கொள்வார்கள். இப்போது உரிமையாளர் யார்? மகள். அனுபவிப்பவர் யார்? தாய். ஏட்டில் இரண்டு பெயரும் வர வேண்டும், யார் எந்த உரிமையில் என்ற குறிப்போடு. மகளின் பெயரை மட்டும் எழுதினால் வரித்துண்டு ரொறொன்ரோவுக்குப் போகும். தாயின் பெயரை மட்டும் எழுதினால் மகள் ஏட்டில் இல்லை.

மூன்றாவது, பிரியாத பங்கு. அப்பு இறந்தார். உறுதி அவர் பெயரில். பிள்ளைகள் ஐந்து பேர்: ஒருவர் இங்கே, ஒருவர் கொழும்பில், இருவர் கனடாவில், ஒருவர் இல்லை, அவருடைய பிள்ளைகள் மூவர். யாரும் உறுதி முடிக்கவில்லை. ஏட்டில் அப்புவின் பெயரே நிற்கிறது. இறந்தவர் பெயரில் வரித்துண்டு வருகிறது, இருக்கிற மகன் கட்டுகிறார். இப்படி இரண்டு தலைமுறை போனால் பங்குகள் ஐந்தில் ஒன்று, பதினைந்தில் ஒன்று என்று சிதறும். இதற்கு ஏட்டில் செய்யக்கூடியது: ‘இன்னாரின் மரபுரிமையாளர்’ என்று எழுதி, அவர்களில் தொடர்புக்குரிய ஒருவரின் பெயரும் முகவரியும் சேர்ப்பது. காசு கட்டுகிற மகனை மட்டும் உரிமையாளராக ஏற்றிவிடக் கூடாது. அப்படி ஏற்றுவது மற்ற நால்வரின் முதுசத்தை எழுதுகோலால் அழிப்பது.

நாலாவது, பெயரே. உறுதியில் ‘சின்னத்துரை மனைவி இராசம்மா’. கலியாணத்துக்கு முன் எழுதிய காணியில் ‘கந்தையா மகள் இராசம்மா’. அடையாள அட்டையில் தகப்பன் பெயரா கணவன் பெயரா என்பது அட்டை எடுத்த ஆண்டைப் பொறுத்தது. பற்றுச்சீட்டில் ‘சி. இராசம்மா’. மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய கடிதத்தில் ஆங்கில எழுத்தில் நாலாவது வடிவம். ஒரே மனுசி, ஏட்டில் நாலு பேர். பெயரை வைத்து ஆளைத் தேடினால் கிடைக்காது. அடையாள அட்டை இலக்கத்தையும் உறுதி இலக்கத்தையும் வைத்துத் தேடினால் கிடைக்கும். இதனால்தான் ஏட்டில் அந்த இரண்டு கட்டமும் காலியாக இருக்கக்கூடாது.

ஐந்தாவது, அளவு. உறுதியில் காணி பரப்பிலும் குழியிலும் இருக்கும். ஒரு பரப்பு 18 குழி; 16 பரப்பு ஒரு ஏக்கர்; அதாவது ஒரு பரப்பு 10 பேர்ச். இது மேட்டுக் காணிக்கான வரகு விதைப்புக் கணக்கு. வயல் காணிக்கு நெல் விதைப்புக் கணக்கு வேறு: 12 குழி ஒரு பரப்பு, 24 பரப்பு ஒரு ஏக்கர். எந்தக் கணக்கு என்று பார்க்காமல் ‘நாலு பரப்பு’ என்று ஏட்டில் ஏற்றினால், மேட்டில் அது 40 பேர்ச், வயலில் 27 பேர்ச்சுக்குக் கொஞ்சம் குறைவு. பழைய வயல் இன்று வீட்டு வளவாகியிருந்தால் இந்தப் பிழை சத்தமில்லாமல் உள்ளே வரும். அதற்கு மேல், பங்குக் கிணறும் வழி உரிமையும் உண்டு. ‘வடகிழக்கு மூலைக் கிணற்றில் அரைப் பங்கும் போக்குவரத்து வழியும்’ என்று உறுதியில் இருப்பது ஏட்டில் வராவிட்டால், அடுத்த வீட்டுக்காரர் மதில் கட்ட அனுமதி கேட்கும் நாளில்தான் அது தெரியவரும்.

7. பெயர் மாற்றும் முறை

காணி கைமாறினால் ஏட்டில் பெயர் தானாக மாறாது. ரொறொன்ரோவில் வீடு வாங்கிய உறவினரைக் கேட்டுப் பாருங்கள். ஒன்ராறியோ மாகாணத்தில் காணிப் பதிவில் ஏறிய உரிமை மாற்றம் மதிப்பீட்டு நிறுவனத்துக்குப் போய்ச் சேரும், அங்கிருந்து நகரசபைக்குப் போகும். இங்கே யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்துக்கும் பிரதேச சபைக்கும் இடையில் செய்தி கொண்டு ஓடுகிற ஆள் காணிக்காரர்தான்.

ஓடவேண்டிய வழி இது.

உறுதியை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு முடிக்க வேண்டும். 1840இன் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் தொடக்கம் அசையா ஆதனக் கைமாற்றத்துக்கு இதுதான் விதி. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதமும் வேண்டும்.

அடுத்து, 1927இன் 23ஆம் இலக்க ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டப்படி காணிப் பதிவகத்தில் பதிவு. முடித்த உறுதியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் பதியாமல் விடுவது ஆபத்து. அதே காணியைப் பிறகு வாங்கி முதலில் பதிந்தவர் முந்திக்கொள்ள இடமுண்டு.

பிறகு சபைக் கந்தோர். உறுதியின் பிரதி, காணிப் பதிவகத்தின் பதிவு விபரப் பிரதி, நில அளவையாளர் வரைபடம் இருந்தால் அதன் பிரதி, அடையாள அட்டைப் பிரதி, நிலுவை இல்லை என்பதற்குக் கடைசிப் பற்றுச்சீட்டு. இவற்றோடு பெயர் மாற்ற விண்ணப்பம். மரபுரிமை என்றால் மரணச் சான்றிதழும், பிள்ளைகள் யார் யார் என்பதற்குச் சான்றும், கிராம அலுவலர் உறுதிப்படுத்தலும் கேட்பார்கள்.

சபை செய்யவேண்டியது: பழைய பெயரைச் சுரண்டி அழிக்காமல் ஒரு கோட்டால் வெட்டி, புதிய பெயரை எழுதி, எந்த உறுதி இலக்கத்தின்படி, எந்தத் திகதியில், யார் மாற்றினார் என்று பக்கத்தில் கையொப்பமிடுவது. கணினி ஏடு என்றாலும் இதே விதிதான். பழைய பதிவு மறையக்கூடாது. ஏட்டுக்கு ஞாபகம் வேண்டும்.

உறுதி தொலைந்தவர்கள் இந்தப் படியில் நின்றுவிடத் தேவையில்லை. நொத்தாரிசு முடிக்கும் ஒவ்வொரு உறுதியின் இரண்டாம் பிரதியும் காணிப் பதிவகத்துக்குப் போகிறது. அங்கிருந்து உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். 1990இல் எல்லாவற்றையும் விட்டு ஓடிய பலர் இப்படித்தான் தங்கள் உறுதிகளை மீண்டும் பெற்றார்கள். உறுதி இலக்கமோ நொத்தாரிசின் பெயரோ தெரியாதபோது தேடுவது கடினம். பழைய வரிப் பற்றுச்சீட்டும் வங்கி ஈட்டுப் பத்திரமும் அந்த நூலின் முனையாக உதவும்.

வெளிநாட்டில் இருப்பவர் இங்குள்ள ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் கொடுத்துச் செய்விக்கலாம். ஆனால் கொடுத்தவர் இறந்த அன்றே அந்தத் தத்துவமும் செத்துவிடும். இறந்தவரின் தத்துவத்தோடு வருகிறவரைத் திருப்பி அனுப்ப வேண்டியது ஏட்டுக்காரரின் கடமை.

8. நிலுவை

கட்டாமல் விட்டால் நிலுவை ஏறும். சபையின் வருமானப் பரிசோதகர் நினைவூட்டுவார், பிறகு பிடியாணை, அதற்கான செலவும் சேரும். நிலுவை ஆளோடு போகாது, ஆதனத்தோடு நிற்கும். வாங்குகிறவர் விசாரிக்காமல் வாங்கினால் விற்றவரின் நிலுவையையும் சேர்த்து வாங்குகிறார்.

பூட்டிக் கிடக்கும் வீடுகள் ஊரெங்கும் இருக்கின்றன. சொந்தக்காரர் இலண்டனில், வரித்துண்டு படலைச் சங்கிலியில் சொருகி மழையில் நனைந்து கிடக்கும். இதற்குப் பிடியாணை மருந்தல்ல. ஏட்டில் வெளிநாட்டு முகவரியும் உள்ளூர்த் தொடர்பாளர் ஒருவரின் பெயரும் இருந்தால் பாதி நிலுவை ஒரு தொலைபேசி அழைப்பில் தீரும்.

9. ஆண்டுக்கொருமுறை ஒத்துப் பார்த்தல்

நல்ல ஏட்டின் கடைசிப் படி, ஏட்டையே சந்தேகிப்பது. ஆண்டு முடிவில் மூன்று பட்டியல்களைப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்க்க வேண்டும். ஒன்று, சபையே அனுமதி கொடுத்த கட்டடங்கள்: மேல்மாடி கட்ட வரைபடம் அங்கீகரித்த சபை, அதே வீட்டை ஏட்டில் இன்னும் ஓட்டு வீடாக வைத்திருக்கக் கூடாது. இரண்டு, திரும்பி வந்த வரித்துண்டுகள்: தபாற்காரர் ‘ஆளில்லை’ என்று திருப்பிய ஒவ்வொன்றும் ஏட்டில் ஒரு பிழையைக் காட்டுகிறது. மூன்று, மரணம்: தெல்லிப்பழைப் பிரதேச செயலகப் பிரிவின் 45 கிராம அலுவலர் பிரிவுகளிலும் அந்த ஆண்டு இறந்தவர்களில் யாருடைய பெயர் ஏட்டில் இருக்கிறது என்று பார்ப்பது. முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் வெளியாரின் உதவியே தேவையில்லை. காகிதம் சபைக்குள்ளேயே இருக்கிறது.

ஏடு எதைச் செய்யாது

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆதனவரி ஏட்டில் பெயர் இருப்பதால் காணி உங்களுடையதாகிவிடாது. உரிமை உறுதியில் இருக்கிறது. சபை வரி வாங்குகிறது, உரித்துத் தீர்ப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் வெறுங்காணிக்கு வரி கட்டி, துண்டைச் சேர்த்துவைத்து, பத்து ஆண்டு கழித்து ஆட்சியுரிமை கேட்கலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. 1871இன் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பத்தாண்டு இடையூறற்ற எதிராட்சியைக் கேட்கிறது. வரித்துண்டு தனியே நின்று அதை நிரூபிக்காது. அதோடு, போர்க்காலத்தில் வர முடியாமற்போனவர்களுக்காக 2016இன் 5ஆம் இலக்கச் சட்டம் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தக் கணக்கிலிருந்து கழித்தது. அதற்கு நிபந்தனைகளும் காலவரையறையும் இருந்தன.

பிறகு எதற்கு இந்த ஏடு என்று கேட்கலாம். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இங்கே தோம்பு எழுதியபோது காணியையும் உடையவனையும் கொடுக்கவேண்டிய வரியையும் ஒரே ஏட்டில் வைத்தார்கள். அவர்களுக்குத் தேவை வரி. ஆனால் வரிக்காக எழுதிய அந்த ஏட்டில் பெயர்களும் காணியும் சேர்ந்தே தங்கின. இன்றைய சோலைவரி ஏடும் அப்படித்தான். அது உரிமையைத் தராது. உரிமையாளர் ஒருவர் இருக்கிறார், இன்ன முகவரியில் இருக்கிறார், ஆண்டுதோறும் வந்து போகிறார் என்று சொல்லும். 2013இல் ஒட்டிய அந்த அறிவித்தலுக்கு நேர் எதிரான வசனம் அது.

ஆகவே இந்த ஜனவரி 31க்கு முன் ஒரு நாள் கந்தோருக்குப் போங்கள். உறுதியின் பிரதியைக் கையில் கொண்டு போங்கள். காசைக் கட்ட முன், ஏட்டைத் திருப்பிக் காட்டச் சொல்லிப் பெயரை வாசியுங்கள். காட்ட மறுத்தால் 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். ஏட்டில் இருப்பது அப்புவின் பெயர் என்றால், அந்த வேலை உங்களுடைய தலைமுறையினுடையது. பிள்ளைகளுக்கு விட்டுவைக்க வேண்டாம்.